காட்டில் ஓர் இரவு, மறுநாள் காலை

2025 ஜூன் மாதம் தமிழ்நாட்டில் பலரும் முதன்முறையாகக் கூமாப்பட்டி என்ற பெயரைக் கேட்டார்கள். வத்திராயிருப்புக்குப் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிற ஊர் அது. அதன் தண்ணீரையும் பசுமையையும் புகழ்ந்து உள்ளூர் இளைஞர் ஒருவர் எடுத்துப் போட்ட காணொளிகள் கைபேசி கைபேசியாகப் பரவின. சில நாள்களிலேயே வெளியூர்க் கார்களும் வேன்களும் கூமாப்பட்டிக்கும் பக்கத்து ஊரான கான்சாபுரத்துக்கும் வரத் தொடங்கின. எல்லோரும் தேடி வந்தது அங்கிருக்கிற பிளவக்கல் அணைகளை. அணையில் இறங்கிக் குளிக்க அனுமதி இல்லை என்று அதிகாரிகள் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு பிளவக்கல் பூங்காவை மேம்படுத்த அரசு 10 கோடி ரூபாய் அறிவித்தது.

காட்டோரத்து நீர்நிலையைத் தேடிக் குடும்பத்தோடு வருவது இந்த வட்டாரத்துக்குப் புதுப் பழக்கம் இல்லை. ரீல்ஸ் வருவதற்குப் பல தலைமுறை முன்பிருந்தே பானை சட்டியும் பாயும் படுதாவும் கட்டிக்கொண்டு இந்த மலைக்குள் வந்து தங்கிப் போகிறவர்கள் உண்டு. சதுரகிரி மலைமேல் இருக்கிற மகாலிங்கத்துக்கு ஆடி அமாவாசை. செண்பகத்தோப்புக் காட்டழகருக்குப் புரட்டாசிச் சனி. ராஜபாளையத்துக்கு மேற்கே ஆற்றங்கரையில் நீர்காத்த அய்யனார். கண்மாய்க் கரைகளில் காவல் நிற்கிற எத்தனையோ குலசாமிகளுக்கு மாசிச் சிவராத்திரி. கேட்டால் “சாமி கும்பிடப் போறோம்” என்பார்கள். போன இடத்தில் அடுப்புக் கூட்டிப் பொங்கல் வைத்து, பிள்ளைக்கு மொட்டை போட்டு, மரத்தடியில் படுத்து எழுந்து ஊர் திரும்புவார்கள்.

இந்த இரண்டு பயணத்துக்கும் என்ன வித்தியாசம்? காடு ஒன்றே, தண்ணீர் ஒன்றே, கட்டுச்சோறும் பிள்ளைகளின் கூச்சலும் ஒன்றே. சாமியின் பேரைச் சொல்லிவிட்டால் மட்டும் ஒரு பயணம் வழிபாடாகிவிடுமா? அப்படி ஆகிவிட்டால், வழிபடுகிறவருக்காகக் காடு இரவும் பகலும் திறந்தே இருக்க வேண்டும் என்று கேட்கலாமா? புலிகள் காப்பகம், வனத்துறைச் சோதனைச் சாவடி, நீதிமன்ற வழக்கு என்று இன்றைக்குப் பேசப்படுகிற எல்லாவற்றுக்கும் அடியில் இந்தப் பழைய கேள்வி கிடக்கிறது. மனிதன் காட்டில் சாமியோடு ஓர் இரவைக் கழித்தால், மறுநாள் காலையில் அவன் செய்ய வேண்டியது என்ன?

இந்தியத் தத்துவ மரபில் காடு பெரும்பாலும் வீட்டை விட்டு வந்தவருக்கான இடம். நான்கு ஆசிரமங்களில் மூன்றாவதான வானப்பிரஸ்தம், பேரன் பேத்தி பார்த்த இல்லறத்தான் பொறுப்புகளை மகன் கையில் கொடுத்துவிட்டு வனம் போவதைச் சொல்கிறது. வேத இலக்கியத்தில் ஆரண்யகங்கள் என்ற ஒரு பகுதியே காட்டின் பேரால் வழங்குகிறது. சித்தார்த்தன் மனைவியையும் பச்சைக் குழந்தையையும் அரண்மனையில் விட்டு நடந்தான். ஞானம் அவனுக்கு ஒரு மரத்தடியில் கிடைத்தது. சதுரகிரியிலேயே கோரக்கர் குகை இருக்கிறது; பதினெண் சித்தர்கள் வாழ்ந்த மலை என்று மக்கள் இதைக் கொண்டாடுகிறார்கள். காடு விடுதலை, வீடு கட்டு. இந்தக் கணக்கு நம் சிந்தனையில் ஆழமாக இருக்கிறது.

தென் மாவட்டத்துக் குலசாமி வழிபாடு இந்தக் கணக்கை ஏற்பதில்லை. இங்கே குடும்பத்தை விட்டுவிட்டுக் காட்டுக்குப் போவது கிடையாது. குடும்பம் மொத்தமும் கிளம்பினால்தான் பயணமே. குழந்தையின் முதல் முடி அங்கேதான் இறங்கும். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்துவதும் அங்கேதான். புதிதாக வந்த மருமகள் மாமியாரோடும் மதினிமாரோடும் சேர்ந்து பொங்கல் பானையை இறக்குகிறாள். தலைக்கட்டு வரி கொடுத்தவர்கள் எல்லோரும் பங்காளிகள் என்று ஒரே பந்தியில் உட்கார வேண்டும். வருஷம் முழுக்கப் பேசாதிருந்த அண்ணனும் தம்பியும் அன்றைக்கு ஒரே சட்டிச் சோற்றைத் தின்றாக வேண்டும். துறவிக்குக் காடு உறவை அறுக்கிற இடமாக இருந்தது. சம்சாரிக்கு அதே காடு உறவைப் புதுப்பிக்கிற இடமாகிறது.

தமிழுக்கு இது அந்நியமான எண்ணம் அல்ல. தொல்காப்பியம் நிலத்தைப் பிரிக்கும்போதே ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு தெய்வத்தைச் சொல்லிவிடுகிறது. காட்டுக்கு மாயோன், மலைக்குச் சேயோன். அந்தக் காடு மனிதர் இல்லாத வனாந்தரமாக எண்ணப்படவில்லை. ஆயர் வாழ்கிற, ஆநிரை மேய்கிற, தலைவனுக்காகத் தலைவி காத்திருக்கிற இடம் முல்லை. செண்பகத்தோப்பில் மலைச்சரிவில் காட்டழகராக நிற்கிற சுந்தரராஜப் பெருமாள் அந்த மாயோனின் வரிசையில் வந்தவர்தான்.

கான்சாபுரத்தைச் சுற்றியுள்ள நிலத்தில் காட்டில் தெய்வத்தைக் கண்ட கதைகள் இரண்டு உண்டு. இரண்டும் எல்லோரும் அறிந்த தலபுராணக் கதைகள். ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் குறைவு.

முதலாவது ஸ்ரீவில்லிபுத்தூரின் கதை. மல்லி என்ற அரசியின் மக்கள் வில்லி, கண்டன் என்ற இரு வேடர்கள். வேட்டைக்குப் போன இடத்தில் கண்டன் ஒரு புலியைத் துரத்திப் போய் அதனாலேயே மாண்டான். தம்பியைத் தேடி அலைந்த வில்லி களைத்து ஒரு மரத்தடியில் தூங்கிப்போனான். கனவில் பெருமாள் வந்து, தம்பிக்கு நேர்ந்ததைச் சொல்லி, இந்தக் காட்டைத் திருத்தி ஊராக்கு, கோயில் எழுப்பு என்றார். வில்லி அப்படியே செய்தான். அவன் பேரால் ஊர் எழுந்தது. பெரியாழ்வாரின் நந்தவனமும் ஆண்டாளும் அந்த ஊருக்குப் பிறகு வந்த பெருமைகள்.

இரண்டாவது சதுரகிரியின் கதை. பச்சைமால் என்கிற இடையன் மலையில் மாடு மேய்த்தான். ஒரு காராம்பசு மட்டும் பால் குறைந்துகொண்டே வந்தது. மறைந்திருந்து பார்த்தான். துறவி ஒருவர் அதன் மடியில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த கம்பால் ஒரே அடி. அடி வாங்கியவர் சிவன். பச்சைமால் கதறினான், சிவன் அவனைத் தேற்றி, அதே இடத்தில் லிங்கமாக அமர்ந்தார். சுந்தரமகாலிங்கம் இன்றும் சற்றே சாய்ந்திருக்கிறது. தலையில் இருக்கிற தழும்பு அந்த அடியின் தழும்பு என்று காட்டுகிறார்கள்.

இரண்டு கதையிலும் காட்டில் இருந்த சாதாரண மனிதனுக்குத் தெய்வம் தன்னைக் காட்டியது. வேறுபாடு அடுத்த நாள் காலையில் வருகிறது. வில்லி கண்ட தெய்வம் காட்டைத் திருத்தச் சொன்னது. பச்சைமால் கண்ட தெய்வம் காட்டிலேயே இருந்துகொண்டது. பார்க்க வேண்டியவன்தான் ஏறி வர வேண்டும், பார்த்துவிட்டு இறங்கிப் போக வேண்டும். ஒரு கதையில் தரிசனம் ஊராக முடிகிறது. இன்னொன்றில் தரிசனத்துக்குப் பிறகும் காடு காடாகவே இருக்கிறது.

வில்லியைக் குறை சொல்வதற்கில்லை. காட்டைத் திருத்தாமல் வயலும் கண்மாயும் வந்திருக்காது. பிளவக்கல்லில் 1970களில் கட்டப்பட்ட பெரியாறு, கோவிலாறு அணைகளும் அந்த வழியில் வந்தவைதான். பெரியாறு அணையின் உயரம் 47 அடிக்குச் சற்று மேல், கோவிலாறு 42 அடிக்குச் சற்று மேல். பெரிய அணைகள் அல்ல. அவற்றின் தண்ணீர்தான் வத்திராயிருப்பு வட்டாரத்தின் கண்மாய்களை வரிசையாக நிரப்பி நெல் விளைவிக்கிறது. மிச்சம் அர்ச்சுனா நதியாக வைப்பாற்றுக்குப் போகிறது. ஆனால் இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பச்சைமாலின் காட்டில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. மலையில் மரம் நின்றதால்தான் அடிவாரத்தில் வில்லியின் ஊர் நின்றது. ராஜபாளையத்தில் இது இன்னும் வெளிப்படை. நகரத்தின் குடிநீருக்கான ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்கு நீர் அனுப்புகிற மலைக்காட்டில்தான் அய்யனார் நீர்காத்து உட்கார்ந்திருக்கிறார்.

2015 மே மாதம், அமாவாசையை ஒட்டிச் சதுரகிரிக்கு ஏறியிருந்தவர்கள் இறங்கிக்கொண்டிருந்த வேளையில் மலையில் கனமழை பெய்தது. அடிவாரத்துத் தாணிப்பாறையிலிருந்து மேலே போகிற பாதை மாங்கனி ஓடை, வழுக்குப் பாறை, சங்கிலிப் பாறை என்று ஓடைகளைக் கடந்தும் ஒட்டியும் போகிற பாதை. சிறிது நேரத்தில் காட்டாற்று வெள்ளம் வந்தது. பக்தர்கள் அடித்துச் செல்லப்பட்டார்கள். பல உயிர்கள் போயின. நூற்றுக்கணக்கானவர்களைத் தீயணைப்புத் துறையும் வனத்துறையும் ஊர்க்காரர்களும் கயிறு கட்டி மீட்டார்கள்.

சாமியைப் பார்க்க வந்தவர்களைச் சாமி ஏன் காக்கவில்லை என்று அப்போது பலர் கேட்டார்கள். சாமி கோபப்பட்டுவிட்டார், மலையில் அசுத்தம் கூடிவிட்டது என்று சொன்னவர்களும் உண்டு. இறந்தவரின் வீட்டில் போய் அப்படிச் சொல்வது கொடுமை. அன்று இறந்தவர்கள் வேறு யாரையும்விடப் பாவம் செய்தவர்கள் அல்லர். ஓடை தன் தடத்தில் ஓடியது. மழை பெய்தால் அது எப்போதும் ஓடுகிற தடம் அது. அந்தத் தடத்தில், அந்த வேளையில், அத்தனை பேர் இருந்ததுதான் புதியது. காட்டில் இருக்கிற கடவுள் மழையை நிறுத்திவைத்துக்கொண்டு பக்தருக்காகக் காத்திருப்பார் என்ற நம்பிக்கையை மலையேறுகிற சம்சாரி எப்போதும் வைத்துக்கொண்டதில்லை. “மானம் கறுக்குது, ஓடையத் தாண்டிரு” என்று சொல்லிக் கொடுத்த பாட்டன்கள் பக்தியில் குறைந்தவர்கள் அல்லர்.

வெள்ளத்துக்குப் பிறகு கட்டுப்பாடுகள் இறுகின. பல ஆண்டுகள் அமாவாசைக்கு நான்கு நாள், பௌர்ணமிக்கு நான்கு நாள் என மாதத்தில் எட்டு நாள் மட்டும் மலையேற அனுமதி இருந்தது. காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிட வேண்டும். இரவில் தங்கக் கூடாது. மழை என்றாலோ காட்டுத் தீ என்றாலோ அந்த நாள்களும் ரத்து. கொரோனாவை ஒட்டிய காலத்தில் 10 வயதுக்கு உட்பட்டவர்களையும் 60 வயதைக் கடந்தவர்களையும் விடவில்லை. அதாவது மொட்டை போட வேண்டிய பிள்ளையும், நேர்த்திக்கடனை நினைவில் வைத்திருக்கிற பாட்டியும் அடிவாரத்திலேயே நின்றுவிட்டார்கள். 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. இந்தியாவின் 51ஆவது, தமிழ்நாட்டின் 5ஆவது காப்பகம்; பரப்பு 1,016 சதுர கிலோமீட்டர். 1988இல் சாம்பல் நிற மலை அணிலுக்காக ஏற்பட்ட சரணாலயம் அதற்குள் அடங்கியது. மதுரை, தேனி, விருதுநகர் மூன்று மாவட்டங்களும் சந்திக்கிற மலையில் இருக்கிற சதுரகிரியும் அதற்குள் வந்தது.

பக்தருக்கும் வனத்துறைக்கும் நடக்கிற வழக்காகவே இதை எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் தடை என்பதே பக்திக்கு எதிரி என்ற எண்ணம் பக்தியின் வரலாற்றோடு பொருந்தவில்லை. இந்த நிலத்துச் சாமி கும்பிடு முழுவதும் தடைகளால் ஆனது. காப்புக் கட்டினால் ஊரைத் தாண்டக் கூடாது. மாலை போட்டால் இதைச் செய்யக் கூடாது, அதைத் தின்னக் கூடாது. கோயில் காட்டில் பட்ட மரத்துச் சுள்ளியைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. வெறுங்காலோடு ஏற வேண்டும். இவற்றில் ஒன்றுகூட வசதிக்காக ஏற்பட்டது இல்லை. ‘நான் நினைத்தபடி எல்லாம் நடக்க முடியாத இடம் ஒன்று உண்டு’ என்று ஒரு மனிதன் தன் உடம்புக்குச் சொல்லித்தருகிற வழி அது. அந்த வழியில் வந்தவருக்கு இரவுக்கு முன் இறங்கிவிடு என்பது அவமதிப்பாகத் தோன்ற வேண்டியதில்லை. அதுவும் ஒரு விரதமாகலாம்.

ஆகலாம் என்பதுதான் முக்கியம். விரதம் தானே ஏற்றுக்கொள்வது. சோதனைச் சாவடியில் தடி காட்டி வாங்குவது விரதம் அல்ல. எதற்காக இந்தக் கட்டுப்பாடு என்பதைப் பக்தருக்குப் புரிகிற மொழியில் சொல்ல யாரும் மெனக்கெடவில்லை. யானை இறங்குகிற நேரம் எது, அடுப்புத் தீ எப்படிச் சருகைப் பிடிக்கும், பாலித்தீன் பையோடு மிச்சச் சோற்றைத் தின்கிற மானுக்கு என்ன ஆகும் என்பதெல்லாம் ஊர்க்காரருக்குச் சொன்னால் உடனே விளங்குகிற விஷயங்கள். கான்சாபுரம், அத்திகோயில் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர்களுக்கு யானையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தோப்புக்குள் யானை நுழைவதை அவர்கள் கண்ணால் பார்க்கிறார்கள். அவர்களிடமிருந்து பக்தர்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது நிறைய.

விருந்தோம்பல் நம் மரபின் பெரிய அறம். திருக்குறளில் அதற்கு ஓர் அதிகாரமே உண்டு. அந்த அதிகாரம் பேசுவது வீட்டுக்காரரிடம். வந்தவரை எப்படிப் பேண வேண்டும் என்பதே அதன் பொருள். வீட்டில் எப்போதும் விருந்து போடுகிற இடத்தில் இருக்கிற குடும்பம், காட்டுக்குள் வந்ததும் அந்த இடத்தை இழந்துவிடுகிறது. இங்கே அது வந்த கூட்டம். உலை வைக்கிற தண்ணீரும் படுக்கிற நிழலும் வேறொருவர் கொடுத்தவை. அந்த வேறொருவர் சாமி என்று பக்தர் நம்புகிறார். நம்புகிறார் என்றால், சாமிக்கு அங்கே வேறு பிள்ளைகளும் உண்டு என்பதையும் அவர் நம்பியாக வேண்டும்: மலை அணில், யானை, வரையாடு, புலி. அவர்களுடைய வீட்டில் இவர் ஓர் இரவு விருந்தாளி. காட்டுத் தங்கலை வழிபாடாக ஆக்குகிற செயல் பொங்கலோ மொட்டையோ அல்ல, விருந்தாளியாக இருக்கச் சம்மதிப்பதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. இந்த அளவுகோலை வைத்தால், சாமி பேரைச் சொல்லாமல் பிளவக்கல்லுக்கு வந்து, குப்பையைத் திருப்பி எடுத்துக்கொண்டு, சத்தம் போடாமல் இருந்துவிட்டுப் போகிற குடும்பம் வழிபாட்டுக்கு மிக நெருக்கத்தில் இருக்கிறது. சாமி பேரைச் சொல்லி ஓடையில் பழைய துணியை அவிழ்த்துவிட்டு வருகிற குடும்பம் அதைவிட வெகு தூரத்தில்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. பணம் உள்ளவர் கொடைக்கானலில் அறை எடுக்கலாம். தீப்பெட்டி ஆலையிலும் நூற்பாலையிலும் தென்னந்தோப்பிலும் வேலை செய்கிற குடும்பத்துக்கு வருஷத்தில் வெளியே கிளம்புகிற ஒரே பயணம் குலசாமிப் பயணம்தான். அவர்களுடைய பிள்ளை நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டு படுக்கிற ஒரே இரவு அது. அதை அடைத்துவிட்டு, கட்டணம் கட்டுகிறவருக்கு மட்டும் வேறொரு கதவைத் திறந்தால் அது அநியாயம் இல்லையா? 2018 மார்ச் மாதம் குரங்கணித் தீயில் மலையேறப் போன 23 பேர் உயிரிழந்த பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளை இணையத்தில் முன்பதிவு செய்துகொள்ளும் திட்டமாகத் தொடங்கியது. செண்பகத்தோப்புப் பக்கத்துப் பாதையும் அதில் ஒன்று. வழிகாட்டியோடு, எண்ணிக்கை வரம்போடு, பழங்குடியினருக்கு வருமானம் தருகிற நல்ல திட்டம் அது. அதே கவனமும் அதே ஏற்பாடும் பானை சட்டியோடு வருகிற குடும்பத்துக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்பது நியாயம்தான்.

இன்னொரு நெருடலும் இருக்கிறது. சதுரகிரிச் சாமி ஒரு மாட்டிடையனுக்குக் காட்சி கொடுத்தவர். 2022 மார்ச் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் மாடு மேய்க்கத் தடை விதித்து, பின்னர் அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று வரையறுத்தது. இன்று பச்சைமால் உயிரோடு வந்தால் தன் மந்தையோடு அந்த மலையில் ஏற முடியாது. மலைமாடு வைத்திருக்கிற இடையர்களின் வாழ்க்கை இதனால் பட்டபாடு தனிக் கதை. காட்டைக் காக்கிற செலவை யார் தலையில் இறக்குகிறோம் என்று கேட்காமல் விருந்தாளியின் அறத்தைப் பற்றி மட்டும் பேசுவது அரைப் பேச்சு.

விருந்தாளி என்று பேசும்போது காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்களை மறந்துவிடக் கூடாது. தாணிப்பாறை, அத்திகோயில், செண்பகத்தோப்பு என்று அடிவாரக் குடியிருப்புகளில் பளியர் வாழ்கிறார்கள். 1960களின் தொடக்கத்தில் பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் இந்த மலைத்தொடரின் பளியர்களோடு தங்கி ஆராய்ந்தார். அவரை வியக்கவைத்தது அவர்களுடைய மரியாதை உணர்வு. யாரும் யாரையும் அடக்கக் கூடாது, பெற்றோர் பிள்ளையைக்கூட அதட்டக் கூடாது. சச்சரவு வந்தால் சண்டையை வளர்க்காமல் ஒருவர் ஒதுங்கி வேறிடம் போய்விடுவார். சமவெளிக்காரன் இதைக் கோழைத்தனம் என்பான். கார்ட்னர் இதை ஒரு முழுமையான அறமாகக் கண்டார். காட்டில் வாழ்வதற்கு இதைவிடப் பொருத்தமான தத்துவத்தைச் சொல்வது கடினம். யானை வந்தால் ஒதுங்கு, ஆறு வந்தால் ஒதுங்கு, இன்னொரு மனிதன் கோபத்தோடு வந்தாலும் ஒதுங்கு. பதினெண் சித்தரைத் தேடி மலையேறுகிறவர்கள் அடிவாரத்தில் இந்த மனிதர்களைக் கண்டுகொள்ளாமல் கடந்து போகிறார்கள்.

சாமியின் காட்டைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு என்ற கேள்வி ஒடிசாவின் நியமகிரி மலையில் நேரடியாக எழுந்தது. டோங்ரியா கோந்த் மக்கள் நியமராஜாவின் வீடாக வணங்குகிற மலை அது. அதன் உச்சியில் பாக்சைட் இருந்தது. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் வழியில், அந்த மக்களின் சமய உரிமையைச் சுரங்கம் பாதிக்குமா என்பதைக் கிராம சபைகளே சொல்லட்டும் என்று தீர்ப்பளித்தது. 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் சுரங்கத்தை மறுத்தன. மறுநாள் அந்த மலையில் யாரும் கோபுரம் எழுப்பவில்லை. மலை மலையாக இருப்பதுதான் அவர்கள் கேட்ட சமய உரிமை.

தங்குவதும் கலைவதும் சேர்ந்ததே தங்கல் என்பதை வேறு சமயங்களும் கண்டிருக்கின்றன. யூதர்கள் அறுவடைக் காலத்தில் சுக்கோத் என்ற விழாவைக் கொண்டாடுகிறார்கள். ஏழு நாள் குடும்பத்தோடு வெளியே கட்டிய குடிலில் உண்ண வேண்டும். முடிந்தவர்கள் அங்கேயே தூங்குவார்கள். கூரை தழையாலும் கிளையாலும் ஆனதாக இருக்க வேண்டும். அதன் இடைவெளியில் நட்சத்திரம் தெரிய வேண்டும் என்பது வழக்கம். முன்னோர் பாலைவனத்தில் அலைந்த காலத்தின் நினைவு அது. நல்ல ஓட்டு வீடு உள்ளவரும் அந்த ஏழு நாள் நனையக்கூடிய கூரையின் கீழ் உட்கார வேண்டும். விழா முடிந்ததும் குடில் பிரிக்கப்படும்.

பிரிக்கப்படாத குடிலுக்கு என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் ஷட்டாக்வா ஏரிக்கரையில் பார்க்கலாம். மெதடிஸ்ட் கிறிஸ்தவர்கள் மரங்களுக்கிடையே கூடாரம் அடித்துக் குடும்பத்தோடு ஜெபக் கூட்டம் நடத்திய மைதானம் அது. 1874இல் அங்கே ஞாயிறுப் பள்ளி ஆசிரியர்களுக்கான கோடைக்காலக் கூடுகை தொடங்கியது. கல்வி, இசை, சொற்பொழிவு என்று வளர்ந்து அது நாடு போற்றுகிற நிறுவனமானது. கூடாரங்கள் இருந்த இடத்தில் மர வீடுகள் வந்தன, தெருக்கள் வந்தன, கோடையில் உள்ளே போக நுழைவுச் சீட்டு வாங்க வேண்டிய ஊராகிவிட்டது. அங்கே நடந்தது தீமை ஒன்றும் இல்லை. வில்லியின் கதைதான் அங்கேயும் நடந்தது. காட்டில் கண்ட வெளிச்சம் ஊராக முடிந்தது.

குடிலைப் பிரித்துவிடுகிற வழக்கம் நம் பக்கத்திலும் உண்டு. திருநெல்வேலிப் பக்கம் பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில் சொரிமுத்து அய்யனார் இருக்கிறார். தாமிரபரணிக் கரையில், களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிற கோயில். ஆடி அமாவாசைக்குக் குடும்பங்கள் அங்கே குடில் போட்டுத் தங்குவது நெடுநாள் வழக்கம். முன்பெல்லாம் நாள் கணக்கு இல்லாமல் தங்கினார்கள். பிளாஸ்டிக்கும் கூட்டமும் பெருகவே நாள்கள் குறைக்கப்பட்டன, பைகள் சோதிக்கப்பட்டன, தனி வாகனங்களுக்குப் பதிலாகப் பேருந்துகள் விடப்பட்டன. முணுமுணுப்பு இருந்தது. ஆனாலும் குடில் போடுவது நிற்கவில்லை. விழா முடிந்ததும் அது பிரிக்கப்படுவதும் நிற்கவில்லை. தங்குவதை முழுக்கத் தடுக்காமல், அளவுக்குள் வைத்துக் காப்பாற்ற ஒரு வழி உண்டு என்பதற்கு அந்தக் காடு சாட்சி.

கான்சாபுரத்தைச் சுற்றியும் அப்படி ஒரு வழி பிறக்க இடம் இருக்கிறது. மலையின் உள்காடு இரவில் விலங்குகளுக்கே இருக்கட்டும். ஆனால் குடும்பங்கள் தங்கிப் போக அடிவாரத்தில் ஏன் இடம் ஒதுக்கக் கூடாது? பிளவக்கல் பூங்காவுக்கு அறிவிக்கப்பட்ட பணத்தில் ஒரு பங்கு, சிமெண்ட் யானைக்கும் வண்ண விளக்குக்கும் போகாமல், அடுப்பு மேடை, கழிப்பறை, குடிநீர், மரத்தடித் தங்கல் திடல் என்று போகலாம். பாட்டியும் பேரப்பிள்ளையும் அங்கே பொங்கல் வைக்கட்டும். மலையேறக் கூடியவர்கள் விடிந்ததும் பளியர் ஒருவரை வழிகாட்டியாகக் கொண்டு ஏறட்டும், அவருக்கு முறையான கூலி கிடைக்கட்டும். கண்மாய்க் கரையில் குலசாமி உள்ளவர்கள் சிவராத்திரிக்கு முந்தின வாரமே வந்து கரையைச் சுத்தம் செய்து, மடையைப் பார்த்துவிட்டுப் போகிற வழக்கத்தைத் தொடங்கலாம். நீரைக் காக்கிற சாமிக்கு அதைவிட ஏற்ற நேர்த்திக்கடன் எது?

ஆடி அமாவாசைக்கு முன்பு ஒவ்வோர் ஆண்டும் முன்னேற்பாட்டுக் கூட்டம் நடக்கிறது. காவல், வனம், போக்குவரத்து, மருத்துவம், அறநிலையத்துறை அதிகாரிகள் உட்கார்ந்து பேருந்து எத்தனை, தண்ணீர்த் தொட்டி எத்தனை என்று பேசுகிறார்கள். அந்த மேசையில் தாணிப்பாறைப் பளியர் பெண்களுக்கும், அத்திகோயில் தோப்புக்காரர்களுக்கும், மலைமாடு மேய்த்த இடையர்களுக்கும், தலைமுறையாகப் பொங்கல் வைக்க வருகிற குடும்பங்களுக்கும் நாற்காலி போட வேண்டும். இந்த வருஷம் எத்தனை குடும்பம் தங்கலாம், எந்தத் திடலில், எந்த மழைக்கு யார் சொன்னவுடன் எல்லோரும் இறங்க வேண்டும் என்பதை அவர்களும் சேர்ந்து முடிவு செய்யட்டும். அப்படி எடுத்த முடிவை மாவட்ட நிர்வாகம் தமிழில் எழுதி, வத்திராயிருப்புப் பேருந்து நிலையத்திலும் தாணிப்பாறை வாசலிலும் ஒட்டி வைக்கட்டும்.